துணியோடு வந்த பொன்

பேர்ண், 9.3.1986

அன்புள்ள அம்மா அறிய,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததோ?

நான் துப்புரவு செய்யும் வீட்டில், இங்கிலாந்து மாளிகை ஒன்றிலிருந்து வந்த சாய்ந்து உட்காரும் இரண்டு பழைய கைக்கதிரைகள் உண்டு. பூ வரைந்து பொன் பூசியவை. ஒன்று மங்கிக் கிடந்ததென்று, நம் சங்கிலியைக் கழுவுவதுபோல, நீங்கள் அனுப்பிய பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் தேய்த்தேன். பொன் துணியோடு வந்துவிட்டது. "கதிரைக்கும் தாலிக்கொடி எண்டு நினைச்சீரோ?" என்று இவர் சிரிக்கிறார். நீங்களும் சிரியுங்கோ.

வீட்டுக்கார அம்மா கோபிக்கவில்லை. என்னோடு வரும் தர்சினியைக் காட்டி, "இவளோ செய்தவள்?" என்று கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில் "ஓம்" என்றுவிட்டேன். "பிள்ளையள் அப்பிடித்தான். ஆனால் இனிக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்" என்றார்.

மூன்று வயதுப் பிள்ளை. இவருக்கும் பகலில் சமையல் வேலை. அவளை யாரிடம் விடுவது? இனி உண்மையைச் சொல்லவும் வாய் வராது.

அம்மா, நீங்கள் அவளோடு கதைப்பதுபோல ஒரு கசெற்றில் பதிந்து கெதியாய் அனுப்புங்கோ. இரண்டு பக்கமும் நிறையக் கதையுங்கோ. அவளுக்கு அதைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகவேணும்.

அவசரத்தில் முடிக்கிறேன்.

மகள்
சுகந்தி