கை தூக்க முடியாத வெல்வெட் கோட்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கோபம் உங்கள்மேல்தான், சாப்பாட்டின்மேல் இல்லை.

இன்றைய கச்சேரிக்குப் பையன்களுக்கு நீங்கள் எடுத்த வெல்வெட் கோட் கடையில் பிரமாதமாகத்தான் இருந்தது. பொம்மை மாதிரி கையைத் தொங்கப்போட்டு நின்றால் எதுவுமே பிரமாதம்தான். "ராஜகுமாரனுங்க சார்!" என்று கடைக்காரர் சொன்னதும் பூரித்துப்போனீர்கள். ராஜகுமாரன் வயலின் வாசிக்க வேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் போட்டுப் பார்த்தோம். பெரியவன் வில்லைத் தூக்கினால் கோட் காதுவரை ஏறுகிறது, கை பாதியிலேயே நிற்கிறது. சின்னவன் புல்லாங்குழலை வாயில் வைத்தால் கழுத்துப் பட்டன் மூச்சு விட விடமாட்டேன் என்கிறது.

வயிற்றெரிச்சல் அதுகூட இல்லை. பெரியவன் சொல்கிறான்: "அப்பா ஆசையா வாங்கினாரும்மா. அந்த வேகமான இடத்தை மட்டும் விட்டுட்டு வாசிச்சிடறேன்." வருஷம் முழுக்க அவன் பழகியதே அந்த இடத்தைத்தான்!

அதனால் இரண்டு பேருக்கும் தளர்வான வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி அழைத்துப் போகிறேன். கோட் பீரோவில் ராஜாவாகவே இருக்கட்டும்.

பி.கு.: அரங்கத்துக்கு வந்ததும் "சட்டை நல்லா இருக்குடா" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெரியவன் வில்லையே எடுப்பான்.