பெட்டிமேல் வைத்த கருத்துப் புத்தகம்

உ

உத்திரமேரூர்
25-3-1984

அன்புள்ள மாமாவுக்கு, கனகா எழுதும் கடிதம்.

இங்கே நானும் அம்முலுவும் சுகம். கறவை மாடும் சுகம். நீங்கள் உங்கள் சுகத்தை எழுதுவதே இல்லை, ஓட்டலின் சுகத்தைத்தான் எழுதுகிறீர்கள். அது நன்றாக இருந்தால் நீங்களும் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஓட்டலில் சாப்பிட வருகிறவர்கள் எழுதும் கருத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதியனுப்பிய நாலு தாளும் வந்து சேர்ந்தன. இங்கிலீஷில் எழுதியவர்களுடையதைக்கூட கேஷியரிடம் அர்த்தம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அம்முலு கல்யாணப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டு ஒரு மாசம் ஆகிறது, அதற்கு மட்டும் உங்களுக்குக் கை வரவில்லை.

ஆனாலும் படித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தைக் கிராமம் மாதிரி ஜோடித்தால் ஜனங்கள் இப்படியா எழுதுவார்கள்! வண்டிச் சக்கரத்தைக் கூரையில் கட்டி விளக்குத் தொங்கவிட்டது பிரமாதமாம் ஒருவருக்கு. சாணி மெழுகின மாதிரி பெயின்ட் அடித்திருக்கிறீர்களே, வாசனையைக் காணோமே என்று இன்னொருவர். அவரை இங்கே அனுப்புங்கள், நம் மாட்டுக் கொட்டகையிலேயே இலை போடுகிறேன். அடையாற்றிலிருந்து மாசாமாசம் வருகிற அம்மாள் ஒருத்தி, போன தடவை முறம் இடது பக்கம் இருந்தது, இப்போது ஏன் வலது பக்கம் போயிற்று, பழையபடி மாட்டுங்கள் என்று அரைப் பக்கம் சண்டை போட்டிருக்கிறாளே, அவளைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. முறத்துக்கும் ஒரு இடம் உண்டு என்று தெரிந்த பொம்பளை. அது சரி, சாப்பிடுகிற இடத்தில் விளக்குமாற்றைச் சுவரில் மாட்டினவன் எந்தப் பாவி? நம் உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்களாமே, உருப்படுமா?

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வாசலை ஒட்டி, பித்தளைப் பூ அடித்த பழைய பெட்டிக்குப் பக்கத்தில், மஞ்சள் புடவை கட்டி ஒரு பெண்ணை உட்கார வைத்திருப்பது நல்ல யோசனை, கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். யார் அந்தச் சீமாட்டி? சிரிக்காமல் உட்காருவதற்குச் சம்பளமா? பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் இப்படி ஒருத்தியைப் பற்றி மூச்சு விடவில்லையே. அவள் பேரையும் ஊரையும் மறக்காமல் எழுதுங்கள்.

அம்முலு கல்யாணம் வைகாசி இருபத்தைந்து என்று நிச்சயமாகிவிட்டது. பழையசீவரத்திலிருந்து மாப்பிள்ளையின் அத்தை ராணியம்மாள் வந்திருந்தார். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் பையனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாம். எழுந்து போகும்போது வாசலில் நின்று, “உங்க வூட்ல சாமியா கும்புடற பூவாடைக்காரி யாரு?” என்று கேட்டார். பொண்ணைப் பெத்தவளேதான், எங்க வூட்டுக்காரருக்கு மூத்தாள், என் கூடப் பிறந்த அக்கா எல்லம்மாள், பொண்ணுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தாள் என்றேன். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் முதல் புடவையும் முதல் அழைப்பும் அவளுக்குத்தான், எங்க வழக்கமும் அதுதான் என்றார். அவளுக்குப் புடவை மடித்து வைத்திருக்கும் பூவாடைப் பெட்டி எங்கே, கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று கேட்டார். பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? நான் வயலுக்குப் போயிருந்தபோது பழைய சாமான் வாங்க வந்த லாரிக்காரர்கள் தெரியாமல் அதையும் ஏற்றிக்கொண்டுபோய் உங்கள் ஓட்டலில் இறக்கின கதையைச் சம்பந்தி வீட்டாரிடம் சொல்ல முடியுமா?

மானேஜரிடம் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம், பெட்டிக்கா பஞ்சம். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
கனகா.

உ

உத்திரமேரூர்
29-4-1984

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அப்படி ஒரு பெண் ஓட்டலில் வேலைக்கே இல்லை, ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் விளையாட்டுக்கு எழுதுகிறார்கள் என்று மானேஜர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மானேஜர் சொல்வது இருக்கட்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதவில்லை.

கருத்துப் புத்தகத்தை அந்தப் பெட்டிமேல்தான் வைத்திருக்கிறார்கள் என்பது இந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அதன்மேல் கையை ஊன்றி எழுதுகிறார்களா?

இந்தத் தடவை வந்த கருத்துகளைச் சிரித்துப் படிக்க முடியவில்லை. மஞ்சள் புடவைக்கு அரக்குக் கரை எடுப்பாக இருக்கிறது, இதே மாதிரி எங்கே வாங்கலாம் என்று ஒரு டாக்டரம்மா எழுதியிருக்கிறாள். தாம்பரத்து ஆள் ஒருவர், என் மகளுக்குத் தலை அவிழ்ந்துவிட்டது, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அம்மாதான் நாலுகால் பின்னல் போட்டு விட்டதாகக் குழந்தை சொன்னாள், கை ரொம்ப ஜில்லென்று இருந்ததாம், நன்றி சொல்லலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம் என்று எழுதியிருக்கிறார். அதை அம்முலுதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என்னிடம், “சின்னம்மா, நீ எனக்குப் போடற பின்னல்தானே இது?” என்று கேட்டாள். எங்கள் அம்மா எனக்கும் அக்காவுக்கும் கற்றுக் கொடுத்த பின்னல் அது. ஊரில் எல்லாரும் போடுவதுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். இனிமேல் இந்தக் கருத்துகளை எழுதியனுப்ப வேண்டாம்.

பெட்டியில் கடைசியாக வைத்த புடவை என்ன நிறம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாபகம் இல்லை. பச்சையாக இருக்கலாம்.

ஆட்கள் தங்கும் அறையில் புழுக்கம் என்று இப்போதெல்லாம் சாப்பாட்டுக் கூடத்திலேயே படுத்துக்கொள்கிறீர்களாமே. கடற்காற்று உடம்புக்கு ஆகாது. லீவு கேட்டுக்கொண்டு வாருங்கள். நீங்கள் இந்த வீட்டு வாசலை மிதித்து மூன்று மாசத்துக்கு மேல் ஆகிறது.

கனகா.

உ

உத்திரமேரூர்
26-5-1984

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். கேஷியர் பக்கத்தில் இருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பிறகு படியுங்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை பூவாடை அழைத்தோம். நீங்கள் வருவீர்கள் என்று பத்து மணி பஸ்வரைக்கும் காத்திருந்தோம். வரவில்லை. அம்முலுவுக்கு மஞ்சள் புடவை கட்டி, பூக் கட்டிய சொம்பைத் தலைமேல் வைத்து, ஏரிக்கரைக் கிணற்றுக்கு அழைத்துப் போனோம். பம்பைக்காரர் தாண்டவராயன் தெரியும் அல்லவா, அவர்தான் அழைத்தார். கிணற்றடியில் பச்சரிசி பரப்பி, கத்தியை அதன்மேல் நட்டுக்க நிறுத்தினார். அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்திருந்தால் கத்தி நிற்கட்டும் என்று கையை எடுத்தார். கத்தி விழுந்துவிட்டது. கற்பூரம் ஏற்றி மறுபடி கூப்பிட்டார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை அம்முலுவே “அம்மா, வாம்மா” என்று அழுதாள். பெற்ற மகள் கூப்பிட்டும் கத்தி நிற்கவில்லை மாமா.

தாண்டவராயன் பம்பையைக் கீழே வைத்துவிட்டார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஆத்தா வூட்ல இல்லம்மா. எங்கியோ குந்திக்கினு கீறா. கூப்புட்டா காதுல வியுது, வர்றதுக்கு வழி தெரியல. எங்க அனுப்பிச்சீங்க?” என்றார். ராணியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லார் முன்னாலும், “பூவாடைக்காரி வூட்டுக்குள்ள வராம எங்க வூட்டுக்குப் பொண்ணு வர வாணாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவாட்டி பார்க்கலாம். அப்பவும் வரலன்னா பந்தக்கால் நடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். செத்தவள் மனசு குளிராத வீட்டிலிருந்து யார்தான் பெண் எடுப்பார்கள்? அம்முலு வந்ததிலிருந்து மூலையில் சுருண்டு கிடக்கிறாள். ஒரு வாய் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று ஒரே கேள்வியைக் கேட்கிறாள்.

அவள்மேல் கோபம் இல்லை. யார்மேல் என்று எனக்குத் தெரியும்.

லாரி வந்த அன்றைக்கு நான் வயலுக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன். உரல், கதவு, குதிர் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. லாரிக்காரர் சின்னராசு தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அவர் கேட்கவே இல்லை மாமா. நானாகத்தான், அதையும் எடுத்துக்கினு போ என்று சொன்னேன். “உள்ள இன்னாமா கீது?” என்றார். ஒண்ணும் இல்ல, காலிப் பெட்டி என்றேன்.

காலிப் பெட்டி என்று என் வாயால் சொன்னேன். உள்ளே நான் ஆடியில் வாலாஜாபாத்தில் வாங்கி, மஞ்சள் தடவி, என் கையால் மடித்து வைத்த புடவை இருந்தது. மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. அதை நீங்கள் பார்த்ததில்லை, அப்போது ஓட்டலில் இருந்தீர்கள். அம்முலுவும் பார்த்ததில்லை. எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். பச்சையாக இருக்கலாம் என்று எழுதினேனே, அது பொய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். அக்காவின் வருஷத் திதி முடிந்த கையோடு என்னை உங்களுக்குக் கட்டி வைத்தார்கள். தாலியில் மூத்தாள் பேருக்கு ஒரு பொட்டும் சேர்த்துக் கோத்தார்கள். அதற்கெல்லாம் நான் முகம் சுளிக்கவில்லை. அவள் என் அக்கா, அவள் இடுப்பில் வளர்ந்தவள் நான். ஆனால் ஊரில் இருக்கிற வெள்ளிக்கிழமை தோறும் நீங்கள் அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் மெல்லிய குரலில் சொல்லுவீர்கள். சில சமயம் சிரிப்பீர்கள். அடுப்படியில் இருந்து நான் காது கொடுத்துக் கேட்பேன். என்னிடம் சோறு போடு, தண்ணி வை என்பதற்கு மேல் பேசினதில்லை. எனக்கென்று ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. பதினாலு வருஷம் பொறுத்தேன். அன்றைக்கு லாரியைப் பார்த்ததும் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. பெட்டி போனால் நீங்கள் என் பக்கம் திரும்புவீர்கள் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் உங்கள் காலடியிலேயே இறக்குவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்ன புத்தி பாருங்கள்!

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். புடவை நன்றாக இருக்கிறது, சிரிக்கவில்லை, குழந்தைகள் சாப்பிடுகிற தட்டையே பார்க்கிறாள் என்று எழுதுகிறார்கள். உங்கள் கண்ணில் படாமலா இருப்பாள்? பொங்கலுக்குப் பிறகு நீங்கள் வராததற்கு லீவு கிடைக்காதது காரணமா? கூடத்தில் படுப்பதற்குப் புழுக்கம்தான் காரணமா? என்னிடம் மறைக்க வேண்டாம். நான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கோபித்துக்கொள்ள எனக்கு முகமில்லை.

மானேஜர் காலில் விழுந்தாவது பெட்டியை வாங்குங்கள். அந்த இடத்தில் வேறு எதை வேண்டுமானாலும் வைத்து ஜோடித்துக்கொள்ளட்டும். என் கல்யாணப் பெட்டி இருக்கிறது, அதையே அனுப்பி வைக்கிறேன், அதற்கும் பித்தளைப் பூ உண்டு. வியாழக்கிழமையே கிளம்பிவிடுங்கள். பெட்டியைப் பஸ்ஸின் கூரைமேல் போட விடாதீர்கள். பக்கத்து சீட்டில் வைத்து, அவளுக்கும் ஒரு டிக்கெட் வாங்குங்கள். கண்டக்டர் சிரித்தால் சிரிக்கட்டும். செங்கல்பட்டில் பஸ் மாறும்போது பூக் கிடைக்கும், இரண்டு முழம் வாங்கிப் பெட்டிமேல் சாத்துங்கள். வீட்டு வாசலுக்கு வந்ததும் முதலில் அவள் உள்ளே போகட்டும். நான் ஒதுங்கி நிற்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால், புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, இனி வருகிற வரிகளைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். உங்களுக்கு எழுதியதல்ல அது.

அக்கா, நான் கனகா. பெட்டியில் ஒன்றும் இல்லை என்று சொன்னது நான்தான். உன்னை வேற்று ஜனங்களுக்கு நடுவில் வேடிக்கைப் பொருளாக உட்கார வைத்ததும் நான்தான். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய், அது நமக்குள். அந்தப் பெண்ணை விட்டுவிடு. ரெண்டு வயசில் நீ விட்டுப் போன குழந்தை இப்போது உன் உயரத்துக்கு நிற்கிறாள். ஊரார் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டாயாமே, உன் மகளுக்குக் கல்யாணப் பின்னல் நீதான் போட வேண்டும், நான் சீப்பைத் தொட மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்துவிடு அக்கா. உன் புருஷனையும் கூட்டிக்கொண்டு வா.

தங்கச்சி,
கனகா.