வாயில் வராத சொல்

ஜூன் 14, 2022 – செவ்வாய்

பள்ளி திறந்து இரண்டாம் நாள். வகுப்பில் நாற்காலியில் உட்காரவே இல்லை. எழுந்தால் பின்னால் என்ன தெரியுமோ என்ற பயம். கறுப்புச் சேலைதான் இனி. மதியம் பாத்ரூமில் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது வெளியே இரண்டு பிள்ளைகள் – "என்னடி, இங்க ஒரு மாதிரி நாத்தம்?" அவர்கள் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மே விடுமுறையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி போயிற்று, வலி போயிற்று. ஆனால் சிறுநீருக்கு வைத்திருந்த டியூபை எடுத்த சில நாளில் இருந்து அது தன்பாட்டுக்கு – எழுதவே கை கூசுகிறது. என் நாட்குறிப்புதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜூன் 18 – சனி

ஆபரேஷன் செய்த டாக்டர் ஜெயசீலியைப் பார்த்தேன். எங்கள் பங்குக் கோயில்தான் அவரும். அறையில் பயிற்சி டாக்டர்கள் இருவர், என் மாணவிகளின் அண்ணன்கள் வயது.

"சொல்லுங்க டீச்சர், எப்படி இருக்கீங்க?"

"கொஞ்சம் ஈரமாவே இருக்கு டாக்டர்."

"ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும். எக்சர்சைஸ் பண்ணுங்க."

பரிசோதிக்கவில்லை. அந்தப் பையன்கள் முன்னால் படுக்கச் சொல்லவில்லையே என்று எனக்கும் நிம்மதி. உறையூர் வந்து இறங்கும்போது உள்பாவாடை முழுக்க நனைந்திருந்தது. தமிழ் டீச்சராம் நான். ஈரமாம்.

ஜூலை 9 – சனி

மறுபடி போனேன். இந்த முறை சொல்லிவிட்டேன். "நிக்கவே மாட்டேங்குது டாக்டர். ராத்திரி பாயெல்லாம் நனையுது."

சிரித்தார். "நீங்களா யோசிச்சு யோசிச்சு பெரிசாக்கிக்கிறீங்க." சத்து மாத்திரை எழுதித் தந்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 10 – ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஆசீர் என் பக்கத்தில் படுக்காமல் ஹாலில் படுக்கத் தொடங்கியிருக்கிறார். உள்ளே புழுக்கமாம்.

ஆகஸ்ட் 20 – சனி

புத்தூரில் வேறொரு மருத்துவமனை. வயதான லேடி டாக்டர். நான் வாய் திறக்கும் முன்பே மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டார். மூத்திரப்பைக்குள் நீல மருந்தை ஏற்றினார். உள்ளே வைத்த பஞ்சு நீலமாகி வந்தது.

"மூத்திரப்பைக்கும் பொறப்பு வழிக்கும் நடுவுல ஓட்டை விழுந்திருக்கும்மா. எக்சர்சைஸ்ல மூடுற ஓட்டை இல்ல இது. உங்க தப்பும் இல்ல."

அழுதுவிட்டேன். தப்பு என்னுடையது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன் போல.

நவம்பர் 6 – ஞாயிறு

இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. டியூப் எடுத்தாயிற்று. பாய் நனையவில்லை.

ஜனவரி 28, 2023 – சனி

கன்டோன்மென்டில் வக்கீல் பஸீலாவின் ஆபீஸ். நேராகப் பேசுகிற பெண். "ஓட்டை விழுந்தது கவனக்குறைவாலதான்னு நிரூபிக்கிறது கஷ்டம் டீச்சர். நல்ல டாக்டர் கையிலயும் நடக்கும். ஆனா நீங்க போய்ச் சொல்லியும் பாக்காம அனுப்பினாங்க பாருங்க – அதுதான் நம்ம கேஸ். நுகர்வோர் ஆணையத்துல போடலாம்."

படியிறங்கும்போது ஆசீர், "இதையெல்லாம் அங்க எல்லார் முன்னாடியும் சொல்லணுமா பெலி? டாக்டர் நம்ம பங்கு ஆளு வேற."

கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அடங்கிவிட்டது. எனக்கும் அதே கேள்விதானே?

மார்ச் 15 – புதன்

புகார் மனுவில் கையெழுத்துப் போட்டேன். போட்டாயிற்று.

டிசம்பர் 9 – சனி

மருத்துவமனையின் பதில் வந்துவிட்டது. 'நோயாளி சிறுநீர்க் கசிவு பற்றி எங்களிடம் கூறவேயில்லை.'

முழுப் பொய்யாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன். பாதி உண்மை. முதல் தடவை நான் எங்கே சொன்னேன்? ஏன் சொல்லவில்லை? யாருக்காக வெட்கப்பட்டேன்?

பிப்ரவரி 21, 2024 – புதன்

இன்று ஆணையத்தில் என்னை விசாரித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"தமிழ் சொல்லிக் கொடுக்கிறீங்க இல்லையா? ஜூன் மாசம் டாக்டர்கிட்ட என்ன வார்த்தை சொன்னீங்க?"

"ஈரமா இருக்குன்னு."

"வேர்வைகூட ஈரம்தானேம்மா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. அப்புறம் என் குரல்தான் – ஆனால் யாரோ பேசுவது போல –

"வெட்கமா இருந்துச்சுங்க. ரூம்ல ரெண்டு பசங்க நின்னாங்க. எனக்கு மூத்திரம் ஒழுகிட்டே இருந்துச்சு. அதைத்தான் ஈரம்னு சொன்னேன். ஆபரேஷன் பண்ணவங்க, ஈரம்னு சொன்னா எங்கேம்மான்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? ஜூலைல பாய் நனையுதுன்னு சொன்னேன். வேர்வையில பாய் நனையுமாங்க?"

சிரித்தவர் நிறுத்திவிட்டார். ஆணையத்தின் பெண் உறுப்பினர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "உட்காந்து சொல்லுங்கம்மா" என்றார்.

வெளியே வந்ததும் பஸீலா கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை. அத்தனை பேர் நடுவில் துணியில்லாமல் நின்றுவிட்டு வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். ஆசீர் என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 21 – சனி

நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. ஓட்டை விழுந்ததற்கு டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாதாம். ஆனால் சொல்லியும் பரிசோதிக்காமல் அனுப்பியது சேவைக் குறைபாடு. இழப்பீடு தர வேண்டும். பாதி வெற்றி என்கிறாள் பஸீலா. பாதி போதும் எனக்கு.

மாலையில் வையம்பட்டியில் இருந்து மாமியார் அற்புதம்மாள் போன். யாரோ பேப்பரில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆசீர் ஸ்பீக்கரில் போட்டார். "அப்படி என்னடா பண்ணிட்டாங்க அவளுக்கு?"

ஆசீர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எல்லாவற்றையும் சொன்னார், ஒரு சொல்லையும் மழுப்பாமல். தான் ஹாலில் போய்ப் படுத்ததையும் சொன்னார்.

அத்தை கடைசிவரை கேட்டார்.

"நீ அந்தாண்ட போ" என்றார் மகனிடம். "பெலிகிட்ட குடு."

ஸ்பீக்கரை நிறுத்திக் காதில் வைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடைசிப் பிள்ளை பொறந்ததுல இருந்து எனக்கும் அப்படித்தான்மா. இன்னைக்கு வரைக்கும். வயசானா எல்லாருக்கும் இருக்கும்னு நானா நினைச்சுக்கிட்டேன். அதுக்கு வைத்தியம் இருக்கா?"

அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

"இருக்கு அத்தை," என்றேன். "திங்கக்கிழமை காலையில வந்துடுங்க. நான் லீவு போடுறேன். புத்தூருக்கு நாமளே போயிட்டு வந்துடலாம்."