பிரவுனிக்கு என்ன போடுவது

8 அக்டோபர் 2024

பிரவுனியை இன்று கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். ஆட்டோவில் ஏற்ற டிரைவரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. டாக்டர் நஃபீஸத் சின்னப் பெண், எங்கள் மகள் ஸ்டெபியைவிட இளையவளாக இருப்பாள். எடையைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள். பின்னங்கால்களை அழுத்திப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

"லேப்ரடாருக்கு இது ரொம்ப அதிகம் சார். மூட்டு தாங்காது. அப்படி என்னதான் போடுதீங்க?"

காலையில் முட்டையும் கொஞ்சம் சோறும். சாயங்காலம் கோழிக்கறி போட்டு ஒரு தட்டுச் சோறு. அவ்வளவுதான் என்றேன். அவள் நம்பவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வரவில்லை.

சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். தோல் எடுத்த கோழியை உப்புப் போடாமல் வேகவைக்க வேண்டும். கூடவே கேரட், பீன்ஸ், பூசணி. வெங்காயம், திராட்சை, சாக்லேட் பக்கமே போகக் கூடாதாம். பிஸ்கட்டை மறந்துவிட வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து என் மனைவி ஞானசௌந்தரியிடம் எல்லாம் சொன்னேன். "பாவம், கால் வலிக்குமே" என்றாள். டீச்சர் வேலை பார்த்தவள் அல்லவா, தலையை ஆட்டிக் கவனமாகத்தான் கேட்டாள்.

9 அக்டோபர்

"பிரவுனி ஏன் இப்படி நடக்கான், டாக்டர்ட்ட காட்டக் கூடாதா?" என்று காலையில் ஞானம் கேட்கிறாள்.

15 அக்டோபர்

விஷயம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பின்வாசலில் ஞானம் பிரவுனிக்குச் சோறு வைத்தாள். தின்றதும் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்சம் கழித்து எழுந்து, "ஏலே பிரவுனி, இன்னும் நீ சாப்பிடலையால?" என்று உள்ளே போய் மறுபடியும் சோறு கொண்டுவந்தாள். நான் இறங்கி வருவதற்குள் மூன்றாவது தட்டு. அது அவளுக்கென்று நான் மேசையில் மூடி வைத்திருந்த இட்லி.

மறதி நோய் என்று போன வருடம் சொன்னபோது சாவியும் கண்ணாடியும் பெயர்களும்தான் தொலையும் என்று நினைத்தேன். அவள் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனதற்கு வயதைக் காரணம் சொல்லிக்கொண்டேன். இத்தனை மாதம் அவள் சாப்பிட்டதாக நான் நினைத்ததெல்லாம் நாயின் வயிற்றில் போயிருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக்கூடப் பார்க்காமல் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

2 நவம்பர்

சமையலறைக்குப் பூட்டுப் போட்டேன். பிரவுனிக்குக் காலையும் மாலையும் நானே வைக்கிறேன். ஞானம் கதவைத் தட்டிப் பார்த்தாள், கெஞ்சினாள், பிறகு வாசல் கேட்டுக்குப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு விஜயஸ்ரீ ஒரு தட்டில் இட்லியோடு வந்து நிற்கிறாள். "தப்பா நெனைக்காதீங்க சார். டீச்சர் வந்து அழுதாங்க. இவங்க நாயப் பட்டினி போடுதாங்க, எனக்கும் ஒண்ணும் தர மாட்டேங்காங்கன்னு..."

கேட்டில் நின்றபடியே குரலைத் தணித்து ஞானத்தின் நோயைப் பற்றிச் சொல்லி முடித்தேன். அவள் தட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டாள். திரும்பினால் ஞானம் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். எதுவரை கேட்டாளோ.

பூட்டை எடுத்துவிட்டேன்.

3 நவம்பர்

நாய்க்குச் சோறு வைக்கவில்லை என்று இன்றும் அழுகை. அது வயிறு முட்டத் தின்றுவிட்டு அவள் காலடியில்தான் படுத்துக் கிடந்தது.

21 நவம்பர்

இரண்டு நாளாக மழை. கறிக்கடையில் காஜா முகைதீன், "டீச்சரம்மாவக் காணுமே அண்ணாச்சி? அவங்க வந்தா நாய்க்குன்னு ஈரல் கேட்டு வாங்குவாங்கள்லா" என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

26 டிசம்பர்

நேற்றுக் கிறிஸ்துமஸ். ஸ்டெபி, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து வீடு நிறைய ஆட்கள். ஞானம் புதுச் சேலையில் நன்றாக இருந்தாள். வந்தவர்களிடம் பழையபடி பேசினாள், சிரித்தாள். நானும் கொஞ்சம் அசந்துவிட்டேன்.

கேக் தட்டு ஒவ்வொன்றாகப் பின்வாசலுக்குப் போனதை யாருமே பார்க்கவில்லை. திராட்சை அள்ளிப் போட்ட கேக். மத்தியானம் பிரவுனி வாந்தி எடுத்தது, நிறுத்தாமல் எடுத்தது. டாக்டரை விடுமுறையில் கூப்பிட்டு, கிளினிக்கைத் திறக்கச் சொல்லி, டிரிப்ஸ் ஏற்றி... நாயின் சிறுநீரகத்துக்குத் திராட்சை அப்படி விஷமாம். இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியுமாம்.

ஸ்டெபிக்குத் தாங்கவில்லை. "நாயக் கொடுத்துருங்கப்பா. சீவலப்பேரி சித்தப்பா தோட்டத்துல நிக்கட்டும். நீங்க அம்மாவப் பாப்பீங்களா, இதப் பாப்பீங்களா?"

"காலைல அவ கட்டில விட்டு எந்திரிக்கதே இதுக்குச் சோறு வைக்கத்தான்" என்றேன். "இதையும் அனுப்பிட்டா அவ எதுக்கு எந்திரிப்பா, சொல்லு?"

அவள் எழுந்தாள். அடுக்களையில் போய்ப் பாத்திரம் கழுவினாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

29 டிசம்பர்

பிழைத்துக்கொண்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நாய்க்காக ஸ்தோத்திரம் சொல்கிறேனே என்று நினைத்தேன். நாய்க்காக மட்டும்தானா?

4 ஜனவரி 2025

டாக்டர் நஃபீஸத்திடம் இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "அவங்க கொடுக்கத நிப்பாட்டாதீங்க சார். கொடுக்குற பொருள மாத்திப் பாருங்க" என்றாள்.

மஞ்சள் பூசணியும் சுரைக்காயும் வாங்கிவந்து, சின்னச் சின்னத் துண்டாக வேகவைத்து, ஒரு சட்டியில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எத்தனை முறை கொடுத்தாலும் பெரிய கெடுதல் இல்லை. சோற்றை மட்டும் நான் அளந்து போட்டுவிடுகிறேன்.

19 ஜனவரி

நல்ல நாள். எழுதி வைக்க வேண்டும்.

பிரவுனிக்கு ஒரு துண்டு கொடுத்ததும் ஞானத்தின் வாய்க்கு நேராக நான் இட்லியைக் கொண்டுபோகிறேன். நாய் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே அவளும் மெல்லுகிறாள். மூன்று இட்லி உள்ளே போய்விட்டது! சட்டியிலிருந்து பூசணித் துண்டை எடுத்து அவளே தின்றதும் நடந்தது. "உப்பே இல்ல. யாரு சமையல்?" என்றாள். உன் வீட்டுக்காரன் சமையல்தான் என்றேன். "அவருக்கு என்ன தெரியும்" என்றாள், மகா அலட்சியமாக.

பிரவுனி படியில் தானாக ஏறுகிறது. கொஞ்சம் இளைத்த மாதிரிதான் தெரிகிறது. அது அவசரமாக விழுங்கப் போனபோது ஞானம், "மென்னு தின்னு. பின்னால யாரு வாரா?" என்று அதட்டினாள். அப்படியே வகுப்பறைக் குரல். நான் சிரித்துவிட்டேன். எவ்வளவு நாளாயிற்று.

8 பிப்ரவரி

குளியலறையில் விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு.

11 பிப்ரவரி

ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்தாள். பேசவில்லை.

20 பிப்ரவரி

ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறோம். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் விஜயஸ்ரீ! சைவ வீட்டுப் பெண், முட்டைகூடத் தொடாதவள். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பிரவுனிக்குக் கோழி வேகவைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் துண்டை இறக்கி, "வெந்துட்டான்னு எப்படி சார் பாக்குறது? எனக்குத் தெரியல" என்றாள்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. குத்திப் பார்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

14 மார்ச்

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. கூடத்தில் கட்டில். இனி நடக்க வைப்பது கஷ்டம் என்கிறார்கள். அதைவிட, அவளுக்கு நடக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

பிரவுனி ஓடி வந்து வாலை ஆட்டிக் குதித்தது. கட்டிலில் முன்கால் வைத்து அவள் முகத்தை முகர்ந்தது. ஞானம் கையை இழுத்துக்கொண்டாள். "இது யாரு வீட்டு நாய்? வெளிய விரட்டுங்க, பயமா இருக்கு."

பின்வாசலில் கட்டினேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

6 ஏப்ரல்

ஸ்டெபி ஒரு மாத லீவில் வந்திருக்கிறாள். நாயை அனுப்பும் பேச்சை அவள் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். "இருக்கட்டும்ப்பா. உங்களுக்கு வேணும்லா" என்றாள்.

2 மே

கஞ்சி கொஞ்சம் இறங்கியது. மத்தியானம் கொடுத்ததைத் துப்பிவிட்டாள்.

3 மே

கஞ்சி இறங்கவில்லை. இளநீர் மட்டும்.

19 மே

வெயில் கொளுத்துகிறது. ஸ்டெபி லீவை நீட்டிவிட்டாள். பிரவுனிக்கு டாக்டர் சொன்ன அளவில் வைக்கிறேன், தின்கிறது, போய்ப் படுத்துக்கொள்கிறது. இன்னும் வேண்டும் என்று கேட்டு வந்து நிற்பதில்லை. கேட்டால் கொடுப்பவள் இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்குமோ? நாய்க்கு அவ்வளவு தெரியுமா?

17 ஜூன்

பிரவுனிக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. ஆட்டோவில் தானே தாவி ஏறியது.

டாக்டர் நஃபீஸத் எடையைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை நிறுத்திப் பார்த்தாள். "சூப்பர் சார். சரியான எடை. மூட்டெல்லாம் நல்லா இருக்கு" என்றாள். அங்கே காத்திருந்த ஒரு அம்மாள், மடியில் உருண்டையாக ஒரு நாய், என்னிடம் திரும்பி, "என்ன அண்ணாச்சி போட்டு இப்படி எளைக்க வச்சீங்க? எங்கள்ட்டயும் சொல்லுங்களேன், இது கொறையவே மாட்டேங்கு" என்று கேட்டாள்.

"பூசணிக்காய்" என்றேன். உப்பில்லாமல் வேகவைக்க வேண்டும், கோழியில் தோலை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி மனதில் வைத்துக்கொண்டாள். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர் எப்படி இருக்காங்க சார்?" என்று பிறகு மெதுவாகக் கேட்டாள். இருக்கிறாள் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது ஸ்டெபி கட்டிலருகே கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. "டாக்டர் என்னப்பா சொன்னாங்க?" என்றாள்.

"எடை சரியாயிட்டாம்."

"நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கையிலிருந்த கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன். கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடாக்கிக் கொண்டுவந்து, ஞானத்தின் தலையைத் தூக்கிப் பிடித்து, பையப் பையப் புகட்டிப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியது.