எழுப்பாமல் விட்ட வேதசாட்சி

4-2-84, சனி
கடும் பனி. மைதானத்து மேடை முழுக்க ஈரம். மாலையில் விடுதித் திருநாள் நாடகம். நான்தான் புனிதர். காவித் துண்டு, சணல் தாடி. கடல் தாண்டி வந்து, தமிழ் படித்து, மரக்கறி மட்டும் தின்று, வெறுங்காலோடு ஊர் ஊராய் நடந்து வேதம் சொன்னவர். ராஜா வெட்டச் சொன்னதும் ஓடவில்லை. தானே மண்டியிட்டார். அந்த இடத்து மணல் இன்னும் சிவப்பாம்.

வெட்டியவள் ஸ்டெல்லா, பத்தாவது ‘பி’. அட்டைக் கத்தி. நான் விழுந்து தலையைத் துணிக்குள் இழுத்துக்கொள்ள, தலைக்குப் பதில் பூசணிக்காய் உருண்டது. ஒரே சிரிப்பு. கண்ணை மூடிக் கிடந்தேன். சோற்று மணி. கண் திறந்தால் மேடையில் ஒருவரும் இல்லை.

கழுத்தில் போட்ட சிவப்புக் கோடு சோப்புக்குப் போகவில்லை.

5-2-84, ஞாயிறு
சாம்பாரில் அந்தப் பூசணி. சாப்பிடவில்லை.

ஸ்டெல்லாவுக்கு ராத்திரியே காய்ச்சல். வெட்டிய கையைத் தூக்க முடியவில்லையாம். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

துவைக்கும் கல்லருகே செல்வி. ஓமந்தூர்க்காரி, அவள் மாமா தெருக்கூத்து ஆடுபவர்.

“உன்ன யாருடி எழுப்புனது?”

“நானேதான் எழுந்தேன்.”

“அய்யய்யோ! எங்க மாமா செத்து வுழுந்தா, வெட்டுனவரே தண்ணி தெளிச்சி பேரு சொல்லிக் கூப்புடுவாரு. வேஷத்துப் பேரு இல்லடி, சொந்தப் பேரு. அப்புறம்தான் எழுந்திருக்கணும். இல்லன்னா செத்தது செத்ததுதான்.”

“நீயே கூப்பிடேன்.”

“நான் கூப்புட்டா ஆவுமா? வெட்டுனது ஸ்டெல்லாடி.”

மதியம் அப்பா. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார். தோலோடு வறுத்த மல்லாட்டை, ஒரு பை வேர்க்கடலை. “இன்னா பாப்பா, இப்பிடி எளச்சிப் பூட்ட?” கேட்டைத் தாண்டும்போதும் பாப்பாதான். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கப்பா என்று கேட்க நினைத்தேன். சிரிப்பார். கேட்கவில்லை.

6-2-84, திங்கள்
கணக்கு டெஸ்ட். மோசம்.

ஹாஜர் எடுக்கும்போது டீச்சர், “பதினேழு.” எப்போதும் எண்தான். இன்றுதான் கவனித்தேன். மற்றவர்கள்: “சாமியாரே, தலை பத்திரமா?” “சாமியாரே, ஜல்தி வா, கூழு ஆறிக்கினு இருக்குது!”

காலைப் பனியில் எல்லோர் வாயிலும் புகை வந்தது. என் வாயில் வரவில்லை. திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்தேன்.

கோடு அரிக்கிறது.

7-2-84, செவ்வாய்
புகை இன்றும் இல்லை. செல்வியிடம் சொல்லவில்லை.

மாலையில் ஸ்டெல்லாவுக்காகத் தனி ஜெபமாலை. அவளுக்கு என்ன என்று கேட்டேன். “பேசாம ஜெபம் சொல்லு” என்றார் சிஸ்டர். அவர் கண் சிவந்திருந்தது.

எல்லோரும் தூங்கியாயிற்று. ஸ்டோர் ரூம் பல்புக்குக் கீழே எழுதுகிறேன். ஜன்னலில் பனி.

மேடைப் பக்கம் ஒரு குரல்.

“பிலோமினா.”

ஸ்டெல்லா குரல். ஸ்டெல்லா விழுப்புரத்தில்.

ஓடிப்போய் செல்வியை உலுக்கினேன். “ராவுல கூப்புட்டா ஏன்னு கேக்காத, படுடி.” திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கும் கேட்டதா? நான் அவளிடம் எதுவும் சொல்லவே இல்லையே.

மறுபடியும். இப்போது ஜன்னலுக்குக் கீழே.

“பிலோமினா, எழுந்திரு.”

முகத்தில் நாலு சொட்டுத் தண்ணீர். பனியாக இருக்கலாம்.

“ஏன்?” என்றேன்.

வாயிலிருந்து புகை வந்தது.