பன்னிரண்டு டிகிரி

உன் வீட்டுக்காரம்மா இன்று காலை ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தார். உள்ளே உன் போன், சார்ஜர், அப்புறம் அந்தக் கறுப்பு டாங்கிள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வேன் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டால் இன்ஜினின் சூடு, வேகம், டீசல் எல்லாவற்றையும் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வாங்கிய அன்று நீ வைத்த குங்குமப் பொட்டு அதன் முதுகில் இன்னும் அழியவில்லை.

"அண்ணா, இதுல பாப்பா பர்த்டே போட்டோலாம் கீது. எட்த்துக் குடுக்கிறீங்களா? எனுக்கு இந்தப் போன் பிரியல" என்றார். சரிம்மா என்று வாங்கிக்கொண்டேன். வேறு என்ன சொல்வேன்? நீ போய் நான்கு மாதமாகிறது. குன்றத்தூரில் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிடுகிறேன். அது ஏன் என்று உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ இருந்தபோது சொல்லாமல் இப்போது எழுதி என்ன புண்ணியம், அதுவும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

உன் ஸ்டாஃப் வேனில் முன் சீட் எனக்கென்றே இருந்தது. குன்றத்தூரிலிருந்து ஒரகடம் கம்பெனி கேட் வரைக்கும் நாம் பேசாத பேச்சில்லை. நான் கோவில்பட்டிக்காரன், வாயைத் திறந்தால் 'ஏல'தான் வரும். "இன்னாடா ஏல ஏலன்ற, ஏலக்கா விக்கவா வந்த?" என்று நீ சிரிப்பாய். நான் கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சோதிக்கிற பிரிவில் இருந்ததால் எனக்கு நீ வைத்த பெயர் குவாலிட்டி. என் சொந்தப் பெயர் உனக்கு ஞாபகம் இருந்ததா என்றே சந்தேகம்.

டாங்கிள் அனுப்புவதைக் காட்டுகிற ஆப்பை உன் போனில் ஏற்றியது நான். அதில் நாமே புது மீட்டர் செய்துகொள்ளலாம் என்று கண்டுபிடித்தபோது உனக்கு வந்த குஷி இருக்கிறதே! வேகத்தை எடு, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கிறதோ அதால் வகு. அந்த நிமிடத்து மைலேஜ் திரையில் ஓடும். அந்த எண் ஏறுவதைப் பார்ப்பதற்காகவே நீ ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வேனை உருட்டுவாய். பின்னாலிருந்து லைனில் வேலை பார்க்கிற பெண்கள், "அண்ணா, மாட்டு வண்டியா ஓட்ற? பஞ்ச் போயிடும்ணா, லேட் போட்ருவாங்க!" என்று கத்துவார்கள். உனக்குக் காதிலேயே விழாது.

அடுத்து இன்ஜின் சூட்டுக்கு ஒரு மீட்டர் செய்தோம். நூற்றைந்து டிகிரியைத் தொட்டால் அலாரம் அடிக்கும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த மே மாதம் ஒரகடம் ஜங்ஷனில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நிற்கும்போதெல்லாம் அலாரம் அடித்தது. அடித்தால் இன்ஜின் ஆறட்டும் என்று நீ உடனே ஏசியை நிறுத்துவாய். மத்தியான ஷிஃப்டுக்குப் போகிற கூட்டம் வெந்துபோய் உன்னைத் திட்டும். யாரோ கான்ட்ராக்டரிடம் புகார் சொல்லிவிட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் ரூட்டை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொன்ன அன்று உன் முகம் செத்துப்போயிருந்தது.

"இத்த கொஞ்சம் பாருடா குவாலிட்டி. நெசமாவே சூடா, இல்ல சும்மா கத்துதா?"

பார்த்தேன். ஆப்பில் நூற்றிரண்டு. டேஷ்போர்டில் சூடு காட்டுகிற முள் சமர்த்தாக நட்ட நடுவில். எங்கள் பிரிவில் இரண்டு கருவி இரண்டு விதமாகக் காட்டினால் ஒன்றை மாஸ்டர் என்று வைத்துக்கொண்டு, மற்றதில் எவ்வளவு பிசகோ அவ்வளவைக் கழித்துத் திருத்துவோம். எட்டு வருஷமாக அதே வேலை. வண்டியோடு வந்த முள்தான் மாஸ்டர், இந்தச் சீனா டாங்கிள்தான் பிசகுகிறது என்று என் மேதாவி மூளை முடிவு கட்டியது. நடு என்றால் தொண்ணூறு பக்கம் இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். நீ தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கிய நேரத்தில் மீட்டரின் ஃபார்முலாவைத் திறந்து, கடைசியில் 'கழித்தல் பன்னிரண்டு' சேர்த்தேன்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாய். முன்னே ஒரு தடவை மைலேஜ் மீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா என்று விளையாட்டாகக் கேட்டதற்கே, "காட்றத காட்டட்டும்டா. நமக்குப் புட்ச்ச மாரி காட்னா அதுக்குப் பேரு மீட்டரா?" என்று முறைத்தவன் நீ.

"சரி பண்ணியாச்சுல. இனி கத்தாது" என்றேன்.

"இன்னா பண்ண?"

"செட்டிங்ல."

என் தலையில் தட்டிவிட்டு வண்டியை எடுத்தாய். மூன்று வாரம் அலாரம் அடிக்கவே இல்லை. ஏசி ஓடியது, பின்னால் பெண்கள் தூங்கினார்கள். எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் ஒரு மத்தியானம், வடக்குப்பட்டு பக்கம் வரும்போது வேன் புகையாகக் கக்கிவிட்டு நின்றது. மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வாட்டர் பம்ப் ரொம்ப நாளா வீக்கா இருந்துக்கீது தலைவா. முள்ள நம்புனியா? அது லேசான சூட்டுக்கெல்லாம் அசையாது. நடுவுலயே நிக்கிற மாரிதான் கம்பெனியில செட் பண்ணி வுடுவான். முத்துன பிற்பாடுதான் ஏறும். ஹெட் விரிசல் வுட்டுச்சு, பிளாக்கும் போச்சு. இன்ஜினே காலி."

நான் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மூன்று வாரம் முன்பு வரை அந்த அலாரம் உண்மையைத்தான் கத்தியிருக்கிறது. அதன் வாயைக் கட்டியது நான். அங்கேயே சொல்லியிருக்கலாம்.

நீ எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொன்னாய். "என் கவனக்கொறைவுதான். டிரைவர் நான்தானே?" வேன் பழைய இரும்புக்குப் போனது. ரூட் போனது. மறைமலை நகர் போகிற வேறு யாருடைய பஸ்ஸையோ ஓட்டினாய், இரண்டு ஷிஃப்டும் சேர்த்து. மெலிந்துகொண்டே வந்தாய். கடைசியில் ஒரு நாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கில் தலை சாய்த்த உன்னை, தூங்குகிறான் என்று நினைத்துவிட்டார்களாம். எழுப்பப் போனபோது உயிர் இல்லையாம்.

அதற்கு முன்னால் ஆயுத பூஜை அன்று நாம் குடித்த டீ உனக்கு ஞாபகம் இருக்கும். ரோட்டில் போகிற வண்டிக்கெல்லாம் வாழைக்கன்றும் மாலையும். உனக்குச் சொந்தமாக ஒரு வண்டி இல்லாத முதல் பூஜை. காகிதத்தில் பொரியை வைத்துக்கொண்டு, தின்னாமல், ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாய்.

"டேய், அந்தச் சூடு மீட்டர்ல நீ எதுனா மாத்துனியா?"

"இல்லல. நான் தொடவே இல்ல."

கண் சிமிட்டாமல் சொன்னேன். நீ பொரிக் காகிதத்தை என் பக்கம் தள்ளினாய். "சரி வுடு. டீ ஆறுது, குடி" என்றாய். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். ச்சீ.

இன்று மத்தியானம் ரூமில் உட்கார்ந்து உன் போனைத் திறந்தேன். பாப்பா கேக் வெட்டுகிற படங்கள், நீ மூக்கில் கிரீமோடு சிரிக்கிற படம். தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட். சூடு மீட்டரின் ஃபார்முலா. கடைசியில் கழித்தல் பன்னிரண்டு. அதைச் சுற்றி விரலால் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாய். தேதியைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

தெரிந்துதான் கேட்டிருக்கிறாய். நான் ஒத்துக்கொள்ள ஒரு வழி திறந்துவிட்டிருக்கிறாய். நான் பொய் சொன்னதும் டீயைக் குடி என்றாய். அதற்கப்புறமும் ஐந்து மாதம் என்னைப் பார்த்த இடத்திலெல்லாம் "இன்னா குவாலிட்டி" என்று தோளில் கை போட்டாய். யார் கேட்டாலும் உன் கவனக்குறைவு என்றே சொன்னாய். ஏன்டா? ஒரு அறை விட்டிருக்கலாமே! பாவி, ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? போய்ச் சேர்ந்தவனிடம் கேட்டால் மன்னிப்பு கிடைக்காது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாப்பா படங்களையெல்லாம் உன் வீட்டுக்காரம்மாவின் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேற எதுனா இருந்துச்சாண்ணா அதுல?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

டாங்கிளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தச் சிவப்பு வட்டம் போட்ட படத்தை என் போனுக்கு அனுப்பிக்கொண்டு, உன் போனிலிருந்து அழித்துவிட்டேன். அதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன்.