வாய் கட்டிய செம்பு

சேன் பியேர்
10 டிசம்பர் 1938

அன்புள்ள அத்தானுக்கு,

தெய்வானை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இந்தத் தீவில் எல்லோரையும் போலப் பிரெஞ்சில் எழுதினால் மருதை அண்ணன் படித்துவிட்டு ஊரெல்லாம் சொல்கிறான். அதனால் கோயில் பள்ளியில் கற்ற தமிழ். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

"மச்சான் கப்பல் ஏறிப் போனது ஈ எண்ணவா? நம் வீட்டுச் சர்க்கரை டப்பாவிலேயே எண்ணியிருக்கலாமே" என்கிறான். சண்டை போட்டேன். ஆனால் எனக்கும் தெரியவில்லை. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஈக்குள் என்ன தேடுகிறீர்கள்?

இந்தத் தைப்பூசத்துக்கு உங்கள் காவடியை நான் எடுக்கிறேன். நீங்கள் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று வேண்டுதல். பத்து நாள் விரதம். அங்கே நீங்களும் இருங்கள். புலால் கூடாது. உயிர்க்கொலை கூடாது.

உங்கள்
தெய்வானை

---

எடின்பரோ
16 ஜனவரி 1939

தெய்வானை,

பனி. விரல் விறைக்கிறது. உன் தமிழில் பிழை இல்லை, அவசரம்தான் இருக்கிறது.

ஈயின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத நூல்கள் உண்டு. குரோமோசோம் என்று பெயர். அப்பன் கண் பிள்ளைக்கு வருவது அவற்றால். எக்ஸ் கதிர் பட்டால் அறுந்துபோகும். அறுந்த நுனி சும்மா இருக்காது. அறுந்து கிடக்கும் வேறு எதோடாவது ஒட்டிக்கொள்ளும். பிறவியிலேயே உள்ள நுனி மட்டும் எதோடும் ஒட்டுவதில்லை. அதற்கு ஒரு மூடி இருக்கிறது போல. காவடியின் இரு முனையிலும் பால் செம்பின் வாயை வாழையிலை வைத்துக் கட்டுவோமே, அப்படி.

அந்த மூடியை ஈ தலைமுறை தலைமுறையாக எப்படிக் காக்கிறது? யாருக்கும் தெரியாது. நான் தேடுவது அதை.

விரதம் இருக்கிறேன்.

விநாயகம்

---

எடின்பரோ
13 பிப்ரவரி 1939

தெய்வானை,

விரதம் ஒழுங்காக இருந்தேன். அதுதான் வினை.

ஈக்களை மயக்கி, பார்த்து, வேண்டாதவற்றை எண்ணெயில் போட்டுக் கொல்வது வழக்கம். கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த பெண் ஈயை, ஆண் சேருமுன் பிரித்துவிட வேண்டும். பத்து நாளும் ஒன்றையும் கொல்லக் கை வரவில்லை. புட்டிகளைத் தொடாமல் வைத்தேன். எல்லாம் கலந்துவிட்டன. எது யார் பிள்ளை என்று இனி சொல்ல முடியாது. ஒரு வருஷ உழைப்பு.

என் வேலையைக் கவனிக்கும் அம்மாள் கத்தவில்லை. "உங்கள் சாமியைப் பற்றி முன்பே சொல்லியிருந்தால் நான் கொன்றிருப்பேனே" என்றார்.

முதலிலிருந்து தொடங்கினால் இன்னும் இரண்டு வருஷம். இல்லையென்றால் மே மாதக் கப்பல். நம் ஊர்ச் சர்க்கரை ஆலையில் குமாஸ்தா வேலை காலி என்று என் பள்ளித் தோழன் க்ளெமான் எழுதியிருக்கிறான்.

இவ்வளவு நாள் தனியாக நீ அறுந்துபோவாயோ என்று பயம். வா என்றால் வருகிறேன். நீ சொல்.

விநாயகம்

---

சேன் பியேர்
19 மார்ச் 1939

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் படித்ததும் துள்ளினேன். மறைக்கமாட்டேன். பூசத்தன்று கோயிலில் காவடிச் செம்புகளைத் திறந்தபோது இரண்டிலும் பால் திரியவில்லை. பக்கத்து வீட்டு யொலாந்தின் பசு கொடுத்த பால். என்னைவிட அவளுக்குத்தான் பெருமை. வேண்டுதல் பலித்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மறுபடி படித்தேன். ஆலைக் குமாஸ்தா. வேலைக்கு வராதவர்களின் கூலியை வெட்டும் மேஜை. கரும்புத் தொழிலாளர் கலகத்தில் மருதை அண்ணன் அடி வாங்கியது அந்த மேஜைக்கு எதிரே நின்று. அறுந்த நுனி எதோடாவது ஒட்டிக்கொள்ளும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

நான் அறுந்து கிடக்கவில்லை. அழுகிறேன். பிறகு யொலாந்தின் பசுவுக்குப் புல் அறுக்கப் போகிறேன்.

நேற்றுக் கோயிலில் வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அப்படி வாங்கலாமா என்று ஐயருக்கே தெரியவில்லை. கற்பூரத்தை மட்டும் காட்டினார்.

முடித்துவிட்டு வாருங்கள், அத்தான். வாய் கட்டிய செம்பாக வாருங்கள்.

அடுத்த பூசத்துக்கும் காவடி என் தோளில்தான். விரதமும் இருவருக்கும் சேர்த்து நானே இருக்கிறேன்.

நீங்கள் ஈக்களைக் கொல்லுங்கள்.

உங்கள்
தெய்வானை